பெயரோடு போகும் பாட்டு

ஆரணியில் பகலில் குரல் பதிவு செய்ய முடியாது. எங்கள் தெருவில் இன்னும் தறி ஓடுகிறது. காற்றில் வரும் சத்தத்தைத் தடுத்துவிடலாம்: கதவுக்கு ரப்பர் விளிம்பு, சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி, சுவருக்கு ராக்வூல். ஆனால் குழித்தறியில் மிதியை அழுத்திப் பலகையை இழுத்து அடிக்கும் ஒவ்வொரு அடியும் தரை வழியாக வந்து சேரும். மைக் ஸ்டாண்டின் காலில் ஏறி, பாடுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தும்மென்று விழும். விசைத்தறி பக்கத்தில் ஓடினால் பேச்சே இல்லை. அதனால் என் ஸ்டுடியோவில் குரல் பதிவு இரவு ஒன்பது மணிக்கு மேல்தான். பகலெல்லாம் தாளம் கோப்பது, எடிட்டிங், மிக்ஸிங். பாட வருகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவேன்: சாயங்காலம் தூங்கி எழுந்து வாருங்கள், தொண்டை புதுசாக இருக்கும்.

ஸ்டுடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். அப்பாவின் தறி இருந்த அறைதான் அது. தறிக்குழியை மண்ணும் கருங்கல் ஜல்லியும் கொட்டி மூடி, மேலே சிமென்ட் பூசி, கம்பளம் விரித்தோம். ஒரு கம்ப்யூட்டர், ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு நல்ல கண்டென்சர் மைக், இரண்டு மானிட்டர் ஸ்பீக்கர், ஒரு கீபோர்டு. இவை சோறு போடுவது பாட்டால் மட்டும் அல்ல. ஜவுளிக்கடைத் திறப்புக்கு ஆட்டோவில் ஓடும் விளம்பரம், ஆடி மாதத்து அம்மன் பாட்டு, பள்ளி ஆண்டுவிழாவுக்கு டிராக், தேர்தல் நேரத்தில் எல்லாக் கட்சிக்கும் பிரசாரப் பாட்டு, கண்ணீர் அஞ்சலி வீடியோவுக்குப் பின்னணி இசை. சிறு ஊரில் இந்தத் தொழில் செய்கிறவன் இவற்றில் எதையும் தாழ்வாக நினைக்க முடியாது. ஆட்டோ விளம்பரத்தில்தான் நான் ஒரு பாடத்தைக் கற்றேன்: கூம்பு ஸ்பீக்கரில், சந்தைக் கூச்சலுக்கு நடுவே, ஒரு வார்த்தை புரிய வேண்டும் என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது. பிற்பாடு போனுக்காக மிக்ஸிங் செய்யும் காலம் வந்தபோது அந்தப் பாடம்தான் கைகொடுத்தது.

2024 ஜனவரிக்குப் பிறகு இந்த அறைக்கு வந்த இளைஞர்கள் எல்லோரும் ஒரே பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். "அண்ணா, இந்த மாதிரி வேணும்." சாய் அப்யங்கரின் 'கட்சி சேர'. அவர் பெயரில் வெளிவந்த முதல் தனிப்பாட்டு அது. திங்க் இண்டி வெளியீடு. வரிகள் ஆதேஷ் கிருஷ்ணா. காணொளியில் ஆடியவர் சம்யுக்தா விஸ்வநாதன். பாடியவருக்கு அப்போது இருபது வயதுகூட நிரம்பவில்லை. படம் இல்லை, கதாநாயகன் இல்லை, பாட்டு வெளியீட்டு விழா இல்லை. அந்த நடன அசைவைச் செய்து பார்க்காத பிள்ளைகள் எங்கள் ஊர்க் கல்லூரி வாசலில் இல்லை. யூடியூபில் பத்துக் கோடிப் பார்வைகளை எப்போதோ தாண்டிவிட்டது. அதே ஆண்டில் 'ஆச கூட' வந்தது, தங்கை சாய் ஸ்மிருதியும் சேர்ந்து பாடியது. அதுவும் அதே போல ஓடியது. 2025-இல் மலையாளத்தில் 'பல்டி', தமிழில் 'டியூட்' என்று அவர் இசையமைத்த படங்களே வந்துவிட்டன. முன்பெல்லாம் சினிமாவில் பெயர் எடுத்தவர்கள் பிறகு தனி ஆல்பம் போடுவார்கள். இங்கே தனிப்பாட்டு முதலில் வந்தது, சினிமா அதைத் தேடிக்கொண்டு வந்தது.

இந்தப் பேச்சு வந்தால் எங்கள் பையன்கள் உடனே சொல்வது ஒன்று: "அவங்க அப்பா அம்மா பாடகர்கள்ணா." உண்மைதான். திப்பு, ஹரிணி இருவரும் பின்னணிப் பாடகர்கள். ஹரிணியின் முதல் திரைப்பாட்டு 1995-இல் 'இந்திரா' படத்தில் ரஹ்மான் இசையில் வந்தது. அந்த நாட்களில் நான் பஜாரில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் வேலை பார்த்தேன். காகிதத்தில் பாட்டு வரிசை எழுதிக் கொடுப்பார்கள். அறுபது நிமிட கேசட்டில் பன்னிரண்டு பாட்டு ஏற்றித் தருவோம். ஹரிணியின் அந்த 'நிலா காய்கிறது' இல்லாத வரிசையே அப்போது கிடையாது. யார் இந்தச் சிறுமி என்று கடைக்கு வந்து கேட்டவர்கள் உண்டு. கம்பெனி கேசட்டின் அட்டையில் பார்த்துச் சொல்லுவோம். ஆனால் நாங்கள் பதிந்து கொடுத்த கேசட்டின் அட்டையில் பாட்டின் முதல் வார்த்தையை மட்டுமே பேனாவால் எழுதினோம். பாடியவர், எழுதியவர் பெயருக்கு அதில் இடம் கிடையாது. ஊர் முழுக்க அப்படித்தான் பாட்டு பரவியது, பெயர் உதிர்ந்து.

குடும்பம் என்ன கொடுத்திருக்கும் என்று எனக்குத் தெரியும். காது கொடுத்திருக்கும். மூன்று வயதில் சுருதி பிசகினால் வீட்டில் யாராவது திரும்பிப் பார்த்திருப்பார்கள். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதையும் அந்த வீடு அறிந்திருக்கும். காணொளியும் எங்கள் பையன்கள் மொட்டைமாடியில் எடுப்பது போன்றது இல்லை. சினிமாத் தரத்தில் எடுத்தது. இதையெல்லாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஊரில் அந்தப் பாட்டுக்கு ஆடிய பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர் யார் மகன் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டார்கள். பெற்றோர் பெயர் ஒரு கதவைத் திறக்கலாம்; இரண்டாம் முறை கேட்க வைப்பதை அந்த மூன்று நிமிடம்தான் செய்ய வேண்டும். என் வேலை அந்த மூன்று நிமிடத்தைச் சேர்ந்தது. அதைப் பற்றி எனக்குப் பேச உரிமை இருக்கிறது.

இணையத்தில் ஓடும் பாட்டை முதலில் கேட்பது ஸ்பீக்கர் பெட்டியில் அல்ல, கையில் இருக்கும் போனில். பெரும்பாலான போன்களின் ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றும் வராது. நம் பேஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் பம்பையின் கனமான பக்கமும் 60, 80 ஹெர்ட்ஸில் இருப்பவை. ஸ்டுடியோவில் நெஞ்சை அதிரவைத்த தாளம் போனில் காணாமல் போய்விடும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் ஒலியைச் சற்றே கரகரப்பாக்கினால் அதன் மடங்குகளான 120, 180, 240 ஆகியவையும் உண்டாகும். மேலே இருக்கும் இந்த மடங்குகள் காதில் விழுந்தால் போதும், அடியில் இல்லாத 60-ஐ மூளை தானாகப் போட்டு நிரப்பிக்கொள்ளும். இந்த வித்தை தெரியாதவன் பேஸை ஏற்றிக்கொண்டே போவான், பாட்டு சேறாகும்.

சத்தத்தின் கதையும் இதே போலத்தான். கேசட், சிடி காலத்தில் யார் பாட்டு உரக்க இருக்கிறதோ அதுவே எடுபடும் என்று ஒரு போட்டி இருந்தது. இன்று யூடியூபும் ஸ்பாட்டிஃபையும் சுமார் மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ். என்ற சத்த அளவைக் குறியாக வைத்து, அதைவிட உரத்த பாட்டைத் தாமே தணித்துவிடுகின்றன. நசுக்கி நசுக்கி உரக்கச் செய்த பாட்டு தணிக்கப்பட்ட பின் சப்பையாக நிற்கும். மூச்சு விட இடம் வைத்த பாட்டு அதன் பக்கத்தில் உயிரோடு நிற்கும். 'கட்சி சேர' மாதிரி வேண்டும் என்று கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்து இதைத்தான் முதலில் காட்டுவேன். அந்தப் பாட்டில் எவ்வளவு கருவிகள் இருக்கின்றன என்று அவர்கள் பார்க்கிறார்கள். எங்கெங்கே காலியாக விட்டிருக்கிறார்கள் என்று நான் பார்க்கச் சொல்கிறேன். குரல் முன்னால் நிற்க, மற்றவை விலகி வழிவிட வேண்டும். இது பிளக்-இன் வாங்கி வருவது இல்லை.

எனக்கு இந்தத் தொழில் கற்றுத் தந்த பள்ளிக்கூடம் எதுவும் இல்லை. ரெக்கார்டிங் சென்டரை விட்டபின் இன்னிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தேன். ஆடியில் அம்மன் கோவில்கள், பங்குனியில் தேர், இடையில் கல்யாண வரவேற்புகள். போளூர், செய்யாறு, வந்தவாசி, தேவிகாபுரம், படவேடு என்று வேனில் சுற்றினோம். பாடகருக்கு ஐந்தரைக் கட்டை என்றால் ஐந்தரை, தொண்டை கட்டியிருந்தால் அரைக் கட்டை இறக்கி வாசிக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. முதன்முதலில் திரையில் பியானோ ரோல் பார்த்த அன்று அப்பா பின்னால் நின்று எட்டிப் பார்த்தார். இடமிருந்து வலமாகக் கட்டங்கள், எந்தக் கட்டத்தில் குறி இருக்கிறதோ அந்த நேரத்தில் அந்தச் சுரம் ஒலிக்கும். "இது ஜக்கார்டு அட்டைடா" என்றார். அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் கொக்கி இழையைத் தூக்கும், இல்லாத இடத்தில் தூக்காது. அட்டைகளை வரிசையாகக் கோத்துவிட்டால் சேலையின் பூ தானாக விழும். என் சாஃப்ட்வேரை அந்த நிமிடத்தில் என்னைவிடத் தெளிவாக அவர் புரிந்துகொண்டார். அட்டை அடிக்கிறவர்தான் சேலையின் பூவுக்கு உயிர் கொடுக்கிறவர். ஆனால் கடையில் சேலையை விரித்துக் காட்டும்போது அவர் பெயரை யாரும் சொல்வதில்லை.

ஆரணிப் பட்டுக்கே அந்தக் குறை உண்டு. எடை குறைந்த, உடுத்த வசதியான பட்டு எங்கள் ஊருடையது. புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது. ஆனாலும் இங்கே நெய்தது வேறு ஊர்ப் பெயரில் விற்கப்படுவதைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம். ஒன்றைச் செய்தவனுக்கும் அதில் இருக்கும் பெயருக்கும் நடுவே விழும் இந்த இடைவெளியை நான் தறி அறையிலும் பார்த்தேன், பாட்டு அறையிலும் பார்த்தேன். என்னோடு குழுவில் ரிதம் பேட் வாசித்த ஒருவர் சென்னைக்குப் போனார். கோடம்பாக்கம் பக்கம் ஓர் அறையில் தங்கி, பெரிய பாட்டுகளுக்குத் தாளம் புரோகிராம் செய்தார். ஊரில் பாட்டு ஒலிக்கும்போது, "இது நான் போட்டது" என்று எனக்குப் போன் செய்வார். எந்த அட்டையிலும் அவர் பெயர் வந்ததில்லை. பெயர் இல்லாதபோது அடுத்த வேலைக்கு எதைக் காட்டி ஆள் கேட்பது? சில ஆண்டுகளில் ஊருக்குத் திரும்பி அரிசி மண்டியில் கணக்கு எழுதப் போனார்.

எல்லோரும் அப்படி என்று சொல்லிவிடக் கூடாது. ரஹ்மானின் ஆல்பங்களில் வாசித்தவர்கள், ஒலிப்பொறியாளர்கள் பெயரெல்லாம் அச்சாகி வந்ததால்தான் எச். ஸ்ரீதர் என்ற பெயரே எங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்தது. அவர் தேசிய விருதுகள் பெற்றவர், 2008-இல் மறைந்தார். அவர் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு மிக்ஸிங் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு என் தலைமுறையில் அவர்தான் அளவுகோல். ஒரு சின்ன அட்டையில் ஒரு பெயரை அச்சிட்டதால் ஆரணியில் ஒருவனுக்கு ஆசான் கிடைத்தார்.

சினிமாவுக்கு வெளியே தமிழில் பாட்டே இல்லை என்று இன்று பேசுவது தவறு. எழுபதுகளில் இலங்கை வானொலி வழியாக பொப் இசைப் பாடல்கள் எங்கள் வீடுகளுக்குள் வந்தன. நித்தி கனகரத்தினம், சிலோன் மனோகர் என்ற பெயர்கள் அப்பாவுக்கே தெரியும். தறியில் உட்கார்ந்தபடி அவற்றைக் கேட்டவர் அவர். தொண்ணூறுகளில் மால்குடி சுபா, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோரின் கேசட்டுகள் எங்கள் கடையில் விற்றன. ஆனால் கேசட் அடித்து ஊர் ஊராக அனுப்ப முதலாளி வேண்டும். வானொலியில் வர நிலையம் மனது வைக்க வேண்டும். 2011 நவம்பர் 16 அன்று 'ஒய் திஸ் கொலவெறி டி' யூடியூபில் வந்தபோது நிலைமை மாறியது எல்லோருக்கும் தெரிந்தது. இசையமைத்த அனிருத்துக்கு அப்போது 21 வயது, அதுதான் அவருடைய முதல் படம். அது சினிமாப் பாட்டுதான், தனுஷ் எழுதிப் பாடியது. ஆனால் படம் வருவதற்கு மாதக்கணக்கில் முன்பே ஒரு ஸ்டுடியோ காணொளி உலகம் சுற்றி வந்துவிட்டது. ஏறக்குறைய அதே நேரத்தில் கோவையிலிருந்து ஹிப்ஹாப் தமிழாவின் 'கிளப்புல மப்புல' இணையத்தில் பரவியது. அதன் வரிகள் எனக்கு ஒப்பவில்லை, இன்றும் ஒப்பாது. ஆனால் கோடம்பாக்கத்துக்குப் போகாமலே ஒரு பாட்டு தமிழ்நாடு முழுக்கக் கேட்க முடியும் என்பதை அது காட்டியது.

அதற்குப் பின்னால் இரண்டு விஷயங்கள் நடந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. தறியில் உட்கார்ந்திருப்பவர்கூட யூடியூப் ஓடவிட்டுக்கொண்டே நெய்யத் தொடங்கினார். 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடை செய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. ஊரடங்கில் கச்சேரிகள் எல்லாம் நின்றுபோய்க் கலைஞர்கள் பட்டினி கிடந்த நேரம் அது. மேடை இல்லை, படப்பிடிப்பு இல்லை. வீட்டில் இருந்தவர்கள் போனையே மேடையாக்கினார்கள். தனிப்பாட்டுகளுக்கு நிறுவனங்கள் பணம் போட முன்வந்ததும் அந்தக் காலத்தில்தான்.

2021 மார்ச் 7 அன்று 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. அதைப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர், எங்கள் பழைய வட ஆற்காட்டு மண். பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்துத் திரும்பிய மக்களின் நிலமற்ற கதையை அவர் பாட்டாக்கினார். பாடகி தீ உடன் பாடினார், இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அந்தப் பாட்டை நான் முதலில் ஹெட்போனில் கேட்டேன். ஒப்பாரியின் இழுவை அதில் கலந்திருந்தது. எங்கள் தெருவில் சாவு வீட்டில் கேட்ட குரல் ஒரு பாப் பாட்டுக்குள் இப்படி நிமிர்ந்து உட்காரும் என்று நான் நினைத்ததில்லை. கண் கலங்கிவிட்டது.

பிறகு நடந்தவையும் எனக்கு மறக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா இதழின் அட்டையில் தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. இயக்குநர் பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். பின்னர் அறிவை வைத்தும் அந்த இதழ் ஓர் இணைய அட்டை வெளியிட்டது. 2022 ஜூலையில் சென்னையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா மேடையில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் அறிவு அங்கே இல்லை. அவர் அப்போது அமெரிக்காவில் இருந்தார். மெட்டமைத்து எழுதிப் பாடியது தான் என்று அவர் பகிரங்கமாக எழுதினார். மூவரும் சேர்ந்து உருவாக்கியது, உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமம் என்று சந்தோஷ் நாராயணன் விளக்கினார். 2024 மார்ச்சில், பாட்டு வந்து மூன்றாண்டு ஆனபோது, தங்களுக்கு அதிலிருந்து வருமானம் எதுவும் வந்து சேரவில்லை என்று அவரே காணொளியில் சொன்னார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் அந்த அறையில் இருந்தவன் இல்லை. உலகமே கேட்ட பாட்டுக்குக்கூட, மெட்டு யாருடையது, வரி யாருடையது, காசு எந்த வழியில் வரும் என்ற கேள்வி பின்னால் வந்து நிற்கும் என்றால், ஆரணியில் என் அறையில் பதிவாகும் பாட்டுக்கு அதை முன்னாலேயே எழுதி வைப்பது என் கடமை. அந்த எண்ணம் எனக்கு வந்தது அப்போதுதான்.

எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண். பெயர் வேண்டாம். நெசவாளர் வீடு, அக்கா செய்யாறு சிப்காட்டில் செருப்புக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். விடியும் முன் தெருமுனையில் வந்து நிற்கும் கம்பெனி பஸ்ஸைப் பற்றி இவள் ஒரு பாட்டு எழுதினாள். பாதித் தூக்கத்தில் சன்னலில் சாயும் தலை, ஜடை பின்ன நேரமில்லாமல் பஸ்ஸிலேயே ஒருவருக்கொருவர் பின்னிவிடுவது, டிபன் டப்பாவில் ஆறிப்போன இட்லி. போனில் பாடிப் பதிந்துகொண்டு வந்தாள். "இதுக்கு எவ்ளோ ஆகும்ணா?" என்பதுதான் முதல் கேள்வி. மெட்டு தானாக நடந்துவந்தது. நான் எதையும் மாற்றவில்லை. பல்லவிக்கு முன்னால் நீளமாக ஒரு கீபோர்டு முன்னிசை வேண்டும் என்றாள், அதை மட்டும் வேண்டாம் என்றேன். போனில் விரலால் தள்ளிக்கொண்டே போகிறவர்கள் முதல் சில நொடிகளில் நின்றால்தான் உண்டு. குரலிலேயே தொடங்கினோம். தாளத்துக்குப் பம்பை ஒலிகளை வெட்டி ஒட்டினேன். அவள் அப்பா ஓர் இரவு துணைக்கு வந்தார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என்னோடு உட்கார்ந்து மகள் பாடுவதைப் பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போது, "தம்பி, அவ அம்மா தாலாட்டும் இப்படித்தான் இருக்கும்" என்றார்.

கோடிக்கணக்கில் எல்லாம் ஓடவில்லை. ஆனால் அந்தப் பாட்டு தான் போக வேண்டிய இடத்துக்குப் போனது. சிப்காட் பஸ்களுக்குள்ளேயே பெண்கள் அதற்கு ரீல்ஸ் செய்தார்கள், ஒருத்தி தலையில் இன்னொருத்தி ஜடை பின்னுவது போல. அதைப் பார்த்து ஓசூரிலும் திருப்பூரிலும் வேலைக்குப் போகும் பெண்கள் செய்தார்கள். பெரிய நட்சத்திரம் யாரும் அதைப் பகிரவில்லை. தங்கள் வாழ்க்கை ஒரு பாட்டில் வந்ததும் அவர்களே எடுத்துக்கொண்டார்கள். 'கட்சி சேர' எட்டிய உயரம் வேறு, அதைச் சுமந்த தோள்கள் வேறு. ஆனால் இரண்டு பாட்டும் பரவியது ஒரே வழியில்: கேட்டவர்கள் அதைத் தங்கள் உடம்பில் போட்டுப் பார்த்தார்கள்.

பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு ஒருவர் வந்தார். மொத்தமாக ஒரு தொகை தருகிறேன், பாட்டையும் மெட்டையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள், வேறு குரலில் பாடவைத்துக்கொள்கிறோம் என்றார். அவள் வீட்டுக்கு அது பெரிய தொகை. இரண்டு மூன்று சேலைக் கூலி இல்லை, பல மாதக் கூலி. முடிவு அவர்களுடையது என்றேன். ஆனால் முடிவெடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்வது என் பொறுப்பு என்று, இரவு உட்கார்ந்து விளக்கினேன்.

1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் திருத்தம் வந்தது. பாட்டை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்களுக்கு வர வேண்டிய ராயல்டியின் சமபங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது என்று அது சொல்கிறது. விட்டுக்கொடுத்ததாகக் கையெழுத்துப் போட்டிருந்தாலும் செல்லாது. அதே சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை விற்ற பிறகும் படைப்பு தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமையைப் படைத்தவருக்குத் தருகிறது. பாடியவருக்கு அதே போன்ற உரிமையை 38பி பிரிவு தருகிறது. அந்த ராயல்டியைத் திரட்டித் தருவதற்கு 1969 முதல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் இருக்கிறது. மெட்டும் வரியும் உன்னுடையவை என்றால் உறுப்பினராகச் சேரலாம். ஒவ்வொரு பதிவுக்கும் ஐ.எஸ்.ஆர்.சி. என்ற பன்னிரண்டு எழுத்து எண் உண்டு. எந்தத் தளத்தில் ஓடினாலும் அதை வைத்துத்தான் பதிவை அடையாளம் காண்கிறார்கள். இதெல்லாம் சென்னையில் இருப்பவர்களுக்கு வக்கீல் சொல்லித் தருவார். எங்கள் ஊரில் வக்கீலிடம் நிலத் தகராறுக்குத்தான் போவார்கள்.

அவள் விற்கவில்லை. அப்பாதான் வேண்டாம் என்றார். "நான் நெஞ்சதுல எங்க ஊரு பேரே இல்ல. இதுல எம் பொண்ணு பேராவது இருக்கட்டும்" என்றார்.

இப்போது என் ஸ்டுடியோவில் ஒரு தாள் வைத்திருக்கிறேன். பாட்டு முடிந்ததும், பாதி முடிந்தபோதே என்றாலும் சரி, எல்லோரும் உட்கார்ந்து அதை நிரப்ப வேண்டும். வரிகள் யார், மெட்டு யார், பாடியவர் யார், தாளம் யார், பதிவும் மிக்ஸிங்கும் யார். வருமானத்தில் யாருக்கு எத்தனை பங்கு. காணொளி எடுத்தவருக்குப் பணமா பங்கா. கீழே எல்லோரும் கையெழுத்து, ஆளுக்கு ஒரு நகல். நண்பர்களுக்குள் எதற்கு இதெல்லாம் என்று முதலில் முகம் சுளிப்பார்கள். சண்டை வராத நாளில் எழுதினால்தான் அது நட்போடு எழுதின தாளாக இருக்கும் என்பேன். டிராக் போட்டுக் கொடுத்துவிட்டுக் கூலி வாங்கிப் போகும் பையன் பெயரும் அதில் வர வேண்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. தாள் நிரப்ப மாட்டேன் என்கிறவர்களுக்கு நான் கோப்பைக் கொடுப்பதில்லை.

இந்தத் தனிப்பாட்டுக் காலத்தில் எனக்கு மிகவும் பிடித்தது காணொளிக்குக் கீழே வரும் அந்தப் பெயர் வரிசைதான். புல்லாங்குழல் யார், கிட்டார் யார், மாஸ்டரிங் யார் என்று வரிசையாக இருக்கும். சிலர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. நான் முதலில் அதைத்தான் படிக்கிறேன். ரிதம் பேட் வாசித்த என் நண்பரைப் போன வருடம் அரிசி மண்டியிலிருந்து அழைத்துவந்தேன். சாயங்காலம் மண்டிக் கணக்கு முடிந்ததும் வருவார். அவர் விரலில் தாளம் அப்படியே இருக்கிறது. அவர் வாசித்த பாட்டுகளுக்குக் கீழே, தமிழில், முழுப் பெயரும் ஊர்ப் பெயரும் போடுகிறோம்.

அந்தப் பெண் இரண்டாவது பாட்டு எழுதி முடித்துவிட்டாள். இந்த முறை வெட்டி ஒட்டிய பம்பை வேண்டாம், நேரடியாக ஆட்களை வைத்துப் பதியலாம் என்று நண்பர் சொல்கிறார். எனக்கும் அதுவே சரி. பம்பை, உடுக்கை, சிலம்பு மூன்றும் சேர்ந்தால் என் அறை தாங்காது, வெளியே கல்யாண மண்டபம் எதையாவது ஒரு பகல் வாடகைக்கு எடுக்க வேண்டும். தறிச் சத்தத்தைப் பற்றிக் கவலை இல்லை, பம்பை அதை விழுங்கிவிடும். கலைஞர்களிடம் பேசிவிட்டோம். ஆடி முடியும்வரை ஒரு நாள்கூடத் தங்களுக்கு ஓய்வில்லை, ஆவணி பிறக்கட்டும் என்கிறார்கள். மூத்தவர் ஒருவர் தாளைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார். பிறகு, தம்பி பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உடுக்கை அவன்தான் அடிப்பான் என்றார். சேர்த்துவிட்டேன்.